மழைக்காலத்தில் சினை ஆடு குட்டி வீசுவது ஏன்?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் விக்கிரவாண்டி வட்டாரத்தில் செம்மறி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த சினை ஆடு இரண்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து குட்டியை வீசிவிடுகிறது; தீவனக் கோளாறா, யாராவது கண் வைத்ததா என்று கேட்பார்கள். குட்டி வீச்சுக்குக் காரணங்கள் பல. மழைக்காலத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் ஒன்று நீலநாக்கு நோய்.

இது வைரஸால் வருவது. ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேரடியாகத் தொற்றுவது அரிது. கியூலிக்காய்டஸ் எனப்படும், எள்ளைவிடச் சிறிய கடிக்கும் பூச்சிதான் பரப்புகிறது. ஈரச் சாணத்திலும் சேற்றிலும் பெருகி, அந்தி சாய்ந்தபின் கடிக்கும். வீடூர் அணைப் பாசனம், ஏரிக்கரை, நெல் வயல் என்று ஈரம் காயாத இடங்கள் நிறைந்த பகுதியில் மழைக்குப் பின் இப்பூச்சிக்குக் குறைவிருக்காது. இந்தியாவில் இந்நோய் 1964இல் மகாராஷ்டிரத்தில் முதலில் கண்டறியப்பட்டது. தமிழகத்தில் 1997-98இல் மிகக் கடுமையாகப் பரவிப் பல கிடைகளைக் காலி செய்ததை வயதான கீதாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? செம்மறியின் கருப்பை உட்சுவரில் பொத்தான் போன்ற புடைப்புகள் 70 முதல் 100 வரை இருக்கும். நஞ்சுக்கொடி இவற்றில்தான் கவ்விப் பிடித்திருக்கிறது. தாயின் இரத்தமும் குட்டியின் இரத்தமும் இங்கே கலப்பதில்லை. மடையில் வைத்த சல்லடைபோல நடுவில் மெல்லிய திசு அடுக்குகள் உள்ளன. உணவும் பிராணவாயுவும் கடக்கும். கிருமிகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். தாயின் நோய் எதிர்ப்புப் பொருளும் ஆட்டில் இதைக் கடக்காது. பிறந்த குட்டிக்கு முதல் சில மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

நீலநாக்கு வைரஸ் தாக்குவது நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்பூச்சை. அதனால்தான் உதடும் முகமும் வீங்குகின்றன, மூக்கில் புண் பொருக்கு கட்டுகிறது, குளம்புக்கு மேல் சிவந்து ஆடு நொண்டுகிறது. நாக்கு நீலமாவது எல்லா ஆட்டிலும் தெரியாது. நீலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கடும் காய்ச்சலும் பட்டினியும் மட்டுமே குட்டியைக் கலைத்துவிடப் போதும். சில வகை வைரஸ் நஞ்சுக்கொடியையும் தாண்டிக் குட்டியின் மூளைக்கே போய்விடும்.

அப்படிப் போகும்போது சினையின் வயதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. ஐந்து மாதச் சினையில் 50ஆம் நாள் வாக்கில் தாக்கினால் மூளை உருவாகும் இடத்தில் நீர்தான் மிஞ்சும். 75ஆம் நாள் வாக்கில் என்றால் மூளையில் ஓட்டைகள் விழும். 100 நாளுக்குமேல் பாதிப்பு குறைவு. மூளை பாதித்த குட்டி உயிரோடு பிறந்தாலும் எழுந்து நிற்கத் தெரியாது, மடியைத் தேடாது. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் தடுப்பூசியைச் சினை ஆடுகளுக்குப் போட்டபோது இப்படிப்பட்ட குட்டிகள் பிறந்தன. 2006 முதல் வட ஐரோப்பாவில் பரவிய 8ஆம் வகை வைரஸும் நஞ்சுக்கொடியைக் கடந்தது.

நம் நாட்டில் உள்ளது செயலிழக்கச் செய்த வைரஸ் தடுப்பூசி. 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளுக்கு எதிரானது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் கலிபோர்னியாவில் நடந்தது நடக்காது. மழை பிடிப்பதற்கு முன், ஆவணி, புரட்டாசியிலேயே கால்நடை மருத்துவரைப் பார்த்துப் போட்டுக்கொள்வது நல்லது. நிறைசினை ஆடு இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; பிடித்து இழுக்கும் அதிர்ச்சியே அதற்கு ஆகாது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. மாடுகள் நோய் அறிகுறி காட்டாமலே வாரக்கணக்கில் இந்த வைரஸை இரத்தத்தில் வைத்திருக்கும். மாட்டுக் கொட்டகையை ஒட்டியே பட்டி போடுவது பூச்சிக்குப் பாலம் கட்டிக் கொடுப்பது போல. பட்டியை மேட்டுக்கு மாற்றுங்கள். சாணத்தை அன்றாடம் அள்ளுங்கள். பொழுது சாயுமுன் அடைத்து, வேப்பிலை, நொச்சிப் புகை போடுவது பூச்சித் தொல்லையைக் குறைக்கும். ஆனால் புகையை மட்டும் நம்பித் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது. நோயுற்ற ஆட்டுக்குக் கம்பங்கஞ்சி, ராகிக் கஞ்சி கொடுத்து, நிழலில் கட்டி, வாய்ப்புண்ணுக்கு போரிக் ஆசிட் கிளிசரின் தடவலாம்.

இனி வீட்டுப் பெண்களுக்கு. நீலநாக்கு நோய் மனிதருக்கு வராது. ஆனால் வீசிய குட்டியைப் பார்த்து இது நீலநாக்கா, புரூசெல்லா எனும் கன்று வீச்சு நோயா என்று கண்ணால் சொல்ல முடியாது. புரூசெல்லா பாக்டீரியா நஞ்சுக்கொடியில் குவிந்திருக்கும். அதைத் தொடும் மனிதருக்கும் தொற்றும். ஆட்டுக்குக் குட்டி எடுப்பதும் நஞ்சு அள்ளுவதும் நம் ஊர்களில் பெரும்பாலும் பெண்கள் வேலையாகவே இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை ஆண்கள் செய்யட்டும். அவர்களும் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். குட்டியையும் நஞ்சையும் நாய்க்குப் போடாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

புதைப்பதற்கு முன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லிவிட்டால், இரத்தமும் நஞ்சுக்கொடித் துண்டும் எடுத்துச் சோதிக்க வழி உண்டு. மந்தையில் இன்னும் சினையாக நிற்கும் ஆடுகளுக்கு என்ன செய்வது என்பது அந்த முடிவைப் பொறுத்தது.