திரும்பி வந்த 263 பேர்

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்கிறது அது. எஞ்சிய 263 பேர் வீடு திரும்பியிருக்க வேண்டும். எதைச் சுமந்துகொண்டு திரும்பினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை.

கம்மவான்பேட்டை முதலிய நம் ஊர்களிலிருந்து இன்றும் பட்டாளத்திற்குப் போகிறார்கள். பதினைந்து, பதினேழு ஆண்டுகளில் பென்ஷனுடன் வந்து, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை வாயிலிலோ வங்கியிலோ காவலுக்கு நிற்கிறார்கள். சிலருக்கு உறக்கமில்லை, குடி பிடித்துக்கொள்கிறது. "பட்டாளத்தார் கோபக்காரர்" என்று ஊர் ஒதுங்கிவிடுகிறது. சாவைப் பற்றிய எண்ணம் உள்ளே வளர்வதை மனைவியும் அறிவதில்லை.

வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர்கள் சிலர் 1970-ல் நியூயார்க்கில் தமக்குள் கூடிப் பேசத் தொடங்கினர். ராபர்ட் லிஃப்டன் முதலிய மனநல மருத்துவர்களையும் உடன் அமர்த்திக்கொண்டனர். முறை எளியது. எட்டுப் பத்துப் பேர், வாரந்தோறும் அதே நேரம், அதே அறை. அங்கே பேசியது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மருத்துவருக்குச் சொல்லப்படும். இத்தகைய குழுவை நடத்துபவர் பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும். மருந்துக்கு இது மாற்றன்று.

தோழன் வீழத் தான் பிழைத்தது பாவமன்று. ஆயினும் அதைப் பாவம்போலச் சுமக்கிறவர்கள் உண்டு. குருவாகிய நாம் எவ்வளவு ஆறுதல் கூறினாலும் அப்பாரம் முழுதும் இறங்குவதில்லை. அத்தகைய களத்தில் நின்ற ஒருவர், "எனக்கும் அப்படித்தான்" என்னும்போது சற்றே இறங்குகிறது.

"சாக நினைக்கிறீர்களா?" என்று நேரே கேட்க வீட்டார் அஞ்ச வேண்டாம். கேட்பதனால் அந்த எண்ணம் பிறந்துவிடாது. பூச்சிமருந்தையும், காவல் வேலைக்கான துப்பாக்கியையும் அவர் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிப் பழகும் முறையை நம் நாட்டில் முதலில் கைக்கொண்டவற்றுள் அதுவும் ஒன்று. கல்லறையில் இடம் மறுக்கப்படும் என்னும் பழைய அச்சமும் சில வீடுகளில் வாயை அடைக்கிறது. தற்கொலை செய்துகொண்டோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த விதி 1983-ன் சட்டத்தொகுப்பில் இல்லை.

நம் மறைக்கல்வி அறை வெள்ளிக்கிழமை மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. பத்து நாற்காலிகள் உள்ளன. பயிற்சி பெற்றவர் ஒருவர் வர இசைந்தால் சாவியைத் தர ஆயத்தமாயிருக்கிறோம்.