பொட்டு முகத்தை மறைக்கலாமா?

நெற்றிக்குப் பொட்டு அழகு. அந்தப் பொட்டே முகம் முழுவதையும் மறைத்துவிட்டால்? நினைத்தாலே சிரிப்பு வருகிறது, அல்லவா? சென்னை தியாகராய நகரோ, மதுரை டவுன் ஹால் ரோடோ, கோவை காந்திபுரமோ, கொஞ்சம் தலை நிமிர்ந்து பாருங்கள். கட்டடங்களின் கதி அதுதான்!

புதுக் கட்டடம் ஒன்று எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஜன்னல் எங்கே, வெயிலுக்கு மறைப்பு எப்படி, மாடிப்படிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கட்டடக் கலைஞர் மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார். சாரம் பிரித்த அன்று கட்டடம் பளிச்சென்று நிற்கிறது. மறு மாதம் கீழே ஜவுளிக் கடை வருகிறது. மஞ்சள் போர்டில் சிவப்பு எழுத்து. மாடியில் டியூஷன் வகுப்பு. முதல் மார்க் வாங்கிய குழந்தைகளின் படங்கள் வரிசையாக. அதற்கும் மேலே பல் வைத்தியர். ஆளுயரத்தில் ஒரு பல்! ஆறே மாதத்தில் கட்டடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

போகட்டும், கண்ணுக்குத்தானே கஷ்டம் என்று விட்டுவிடலாமா? ஜன்னலை மூடி ஃப்ளெக்ஸ் மாட்டினால் உள்ளே பட்டப் பகலில் விளக்கு எரிகிறது. காற்று நுழைய வழியில்லை. தீ விபத்து என்றால் புகை வெளியேறுவதும், ஏணி வைத்து ஆட்களை இறக்குவதும் அந்த ஜன்னல் வழியாகத்தானே?

மின் விளக்குப் பலகைகளிலோ வேறொரு அபாயம். 1959-ல் திறக்கப்பட்ட சென்னை எல்.ஐ.சி. கட்டடம் உங்களுக்குத் தெரியும். பட்டணம் பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்த 14 மாடி அது. 2023 ஏப்ரல் 2-ம் தேதி அதன் உச்சியில் இருந்த பெயர்ப் பலகை தீப்பற்றி எரிந்தது. நல்ல வேளை, உயிருக்குச் சேதமில்லை. அந்தப் பலகை அழகற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்திலேயே இப்படி என்றால், சந்துக்குச் சந்து அவசரக் கோலமாக ஒயர் இழுத்து மாட்டியவற்றை நினைத்துப் பாருங்கள்!

சரி, கடைக்காரருக்காவது லாபம் உண்டா? கல்யாணப் பந்தியில் ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போம். நூறு பேரும் கத்தினால் யாரைப் பார்ப்பது? இத்தனை போர்டுகள் இருந்தும், பல் வைத்தியர் எந்த மாடி என்று பெட்டிக் கடையில்தானே விசாரிக்கிறோம்!

இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். சண்டிகர் நகரம் உருவாகிக்கொண்டிருந்தபோதே, 1954-ல், விளம்பரங்களைக் கட்டுப்படுத்த உத்தரவு பிறந்துவிட்டது. பிரேஸில் நாட்டு ஸாவோ பாவ்லோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே 2007 ஜனவரி 1 முதல் தெரு விளம்பரப் பலகைகளுக்கே தடை விதித்தார்கள். கடையின் சொந்தப் பெயர்ப் பலகைக்கும் அளவு உண்டு: முகப்பு 10 மீட்டருக்குள் இருந்தால் ஒன்றரைச் சதுர மீட்டர், அதாவது சுமார் 16 சதுர அடிதான். விளம்பரத் தொழிலில் இருந்தவர்கள் பலமாக எதிர்த்தார்கள். ஆனாலும் பலகைகள் இறங்கின. பின்னாலிருந்து அழகான பழைய முகப்புகளும் தெரிந்தன; வெள்ளையடிக்காத அழுக்குச் சுவர்களும் தெரிந்தன!

நாம் என்ன செய்யலாம்? உங்கள் கட்டடத்தில் கடைக்கு இடம் விடுகிறீர்களா? ஷட்டருக்கு மேலே ஒரே வரிசையில், ஒரே உயரத்தில்தான் போர்டு. எந்த ஜன்னலையும் மறைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நீங்களே தையற் கடை திறந்தால், நாலே வார்த்தை, தெளிந்த எழுத்து, இரண்டே வர்ணம் போதும்.

புடவை வாங்கும்போது பத்து ரூபாய் குறைக்கச் சொல்லத் தயங்குகிறோமா? அதே வாயால், “போர்டைக் கொஞ்சம் சின்னதாக்கினால் கடை இன்னும் லட்சணமாக இருக்குமே, அண்ணாச்சி!” என்றும் சொல்லிப் பாருங்கள். சட்டத்துக்குப் பயப்படாத வியாபாரிகூட, வாடிக்கைக்காரர் முகம் சுளித்தால் பயப்படுவார்.