கடலுக்கு லீவு... அடுப்புக்கு சீசன்!

ஆஃப் சீசன்ல புக்கெட் போனா போரடிக்குமா? மழைக்கோட்டை எடுத்துக்கிட்டு, பசியோட வாங்க!

‘மே மாச லீவுக்கு எங்கடா போலாம்?’

கடைசி பேப்பர் எழுதி முடிச்ச அன்னிக்கு கேன்டீன்ல கிளம்புற முதல் கேள்வியே இதுதான். ஊட்டி, ஏற்காடுன்னு ஆரம்பிச்சு, பார்ட் டைம் வேலை பார்த்து காசு சேர்த்து வெச்ச யாராவது ஒருத்தர் ‘தாய்லாந்து... புக்கெட்!’னு குண்டு போடுவார். எல்லார் முகத்துலயும் பல்ப் எரியும். அடுத்த நிமிஷமே இன்னொருத்தர் செல்போனைத் தட்டிப் பார்த்துட்டு, ‘டேய், மே டு அக்டோபர் அங்கே ஆஃப் சீசனாம். ஒரே மழையாம். கடல்ல இறங்கவே முடியாதாம்’னு உதட்டைப் பிதுக்குவார். பிளான் அங்கேயே காலி!

அந்த ரெண்டாவது ஃப்ரெண்ட் சொன்னது அத்தனையும் உண்மைதான் பாஸ். ஆனா, அதைக் கேட்டு பிளானைக் கிழிச்சுப் போட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. கடல் கதவைச் சாத்துற அந்த ஆறு மாசம்தான், அந்தத் தீவு தன் சமையல்கட்டு கதவைத் திறந்து வெச்சிருக்கும்.

ஏன் இந்த ஆஃப் சீசன்?

நம்ம குற்றாலத்துல சாரல் கொண்டுவர்ற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கேயும் வில்லன். புக்கெட்டோட பேர்போன பீச்சுகளான பதோங், கரோன், கத்தா எல்லாமே தீவின் மேற்குப் பக்கம், அந்தமான் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கு. மே மாசம் காத்து திரும்பினதும் அலை நேரா இங்கேதான் வந்து மோதும். நவம்பர் டு ஏப்ரல் கண்ணாடி மாதிரி கிடக்கிற தண்ணி, அதுக்கப்புறம் காலேஜ் எலெக்‌ஷன் மாதிரி கொந்தளிக்கும்.

பக்கத்துல இருக்கிற சிமிலன் தீவுகளை மே நடுவுல இருந்து அக்டோபர் நடுவு வரைக்கும் மூடியே வெச்சுடறாங்க. லியனார்டோ டிகாப்ரியோ நடிச்ச ‘தி பீச்’ படத்தால உலக ஃபேமஸ் ஆன மாயா பேக்கும் வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர்ல ரெஸ்ட். கூட்டம் மிதிச்சு மிதிச்சு பவளப்பாறை பாழானதால 2018-ல மூடி, 2022-லதான் திறந்தாங்க. அதுக்கப்புறம் வந்த ஏற்பாடு இது.

அதுக்காக ஆறு மாசமும் வானம் ஓட்டையாகிடும்னு நினைக்காதீங்க. பல நாள் கொட்டு கொட்டுன்னு கொட்டி, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வெயில் பல்லைக் காட்டிடும். செப்டம்பர், அக்டோபர்லதான் மழை நிஜமாவே ஓவர்டைம் பார்க்கும். ஹோட்டல் வாடகையோ பல இடங்கள்ல பாதியா இறங்கிடும். நம்ம பர்ஸுக்கு அதுதான் மெயின் பிக்சர்!

சிவப்புக் கொடி... நோ காம்ப்ரமைஸ்!

சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சீரியஸா பேசிடலாம். இந்த மாசங்கள்ல பீச்ல சிவப்புக் கொடி பறந்தா, கால் நனைக்கக்கூட இறங்காதீங்க. ‘எனக்கு நல்லா நீச்சல் தெரியும்’கிற டயலாக்கை ரூம்லயே விட்டுட்டு வந்துடுங்க. பெரிய அலைகள் கரையில கொண்டுவந்து குவிக்கிற தண்ணி, குறுகலான ஒரு பாதை பிடிச்சு வேகமா கடலுக்குத் திரும்பும். மேலோட்டமா பார்த்தா அந்த இடம்தான் அலை இல்லாம அமைதியா தெரியும். அதை நம்பி இறங்கினா இழுத்துக்கிட்டுப் போயிடும். ஒவ்வொரு ஆஃப் சீசனிலும் இதுல உயிர் போகுது.

தப்பித்தவறி மாட்டிக்கிட்டா கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டு களைச்சுப் போகாதீங்க. மிதந்து, கையைத் தூக்கி உதவி கேளுங்க. முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்க. குளிச்சே ஆகணும்னா, சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவுல, லைஃப் கார்டு இருக்கிற இடத்துல மட்டும். அலையைப் பார்க்கணும்னா கத்தா பீச் ஓரமா உட்காருங்க. இந்த மாசங்கள்தான் அங்கே சர்ஃபிங் சீசன். உள்ளூர் பசங்க பலகையோட பாயறதைப் பார்க்கவே டிக்கெட் போடலாம். டிக்கெட்டே கிடையாதுங்கிறது கூடுதல் சந்தோஷம்!

முதுகைக் காட்டுங்க... கடலுக்கு!

இப்போ மேட்டருக்கு வருவோம். கடலுக்கு முதுகைக் காட்டி, கிழக்குப் பக்கம் இருக்கிற புக்கெட் டவுனுக்கு வண்டி பிடிங்க. பீச்சுக்கு மட்டும் வர்றவங்கள்ல பல பேர் பார்க்காமலே ஊருக்குத் திரும்புற இடம் இது.

இந்தத் தீவு ஒரு காலத்துல பிழைச்சது டூரிஸ்ட்டை நம்பி இல்லை, தகரத்தை நம்பி. மண்ணுக்குள்ள இருந்த தகரத்தைத் தோண்ட, 19-ம் நூற்றாண்டுல சீனாவோட ஹொக்கியன் பேசுற மக்கள் கூட்டம் கூட்டமா வந்தாங்க. பணம் சேர்ந்ததும் தலாங் ரோடு, டிபுக் ரோடு பக்கம் கீழே கடை, மேலே வீடுன்னு கலர் கலரா கட்டினாங்க. பல கடைகளுக்கு முன்னாடி நம்ம ஊர் தாழ்வாரம் மாதிரி மூடின நடைபாதை இருக்கும். மழை கொட்டும்போது ஒரு கடையில இருந்து அடுத்த கடைக்கு நனையாம தாவலாம். சாப்பாட்டு ராமன்களுக்காகவே டிசைன் பண்ணின ஊர்!

சீன சமையல், மலாய் மசாலா, தாய் காரம், முஸ்லிம் ரொட்டிக் கடைன்னு எல்லாம் ஒரே சட்டியில கலந்ததால, 2015-ல யுனெஸ்கோ புக்கெட்டை உணவுக் கலை நகரங்கள் பட்டியல்ல சேர்த்தது.

காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரை...

டவுன் விடியறதே ஆவியிலதான். மூங்கில் கூடைகள்ல வேகுற டிம் சம் தட்டுகள்ல எது வேணுமோ அதைக் கை காட்டினா போதும், மொழிப் பிரச்னையே இல்லை. பக்கத்துல கெட்டிப் பால் ஊத்தின ஸ்ட்ராங் காபி.

அடுத்தது ‘கனோம் ஜீன்’. பார்த்ததும் ‘அட, நம்ம சேவை!’ன்னு கத்திடுவீங்க. அரிசி மாவைப் பிழிஞ்ச நூல். மேலே மீன் குழம்போ, நண்டுக் குழம்போ ஊத்திக் கொடுப்பாங்க. பச்சைக் காய், கீரை, ஊறுகாய் எல்லாம் மேஜையிலயே குவிஞ்சிருக்கும். எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கலாம்.

தலாங் ரோட்டு ரொட்டிக் கடையில மாஸ்டர் மாவை வீசி விரிக்கிறதைப் பார்த்தா, நம்ம பரோட்டா மாஸ்டரோட ஒண்ணுவிட்ட தம்பியோன்னு சந்தேகம் வரும். மத்தியானத்துக்கு தடிமனான மஞ்சள் நூடுல்ஸ்ல செஞ்ச ‘மீ ஹொக்கியன்’. சாயங்காலம் ‘அபோங்’. குட்டி வாணலியில தேங்காய்ப்பால் மாவு ஊத்தி, ஓரம் மொறுமொறுன்னு சுருட்டித் தர்றது. பேரும் சரி, ருசியும் சரி, ஆப்பத்துக்கு அக்கா பொண்ணு! வெயில் அடிச்சா ‘ஓ ஏவ்’. துருவின ஐஸுக்கு மேலே வழுவழு ஜெல்லியும் சிவப்புக் காராமணியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தலாங் ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு முழுத் தெருவையும் சந்தை ஆக்கிடுவாங்க. பேரு ‘லார்ட் யாய்’. ஸ்கூல் பசங்க தெருவுலயே பாட்டும் டான்ஸும் போடுவாங்க. மழை வந்தா கூட்டம் கலையாது, தாழ்வாரத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

விஷயமே இங்கேதான் இருக்கு. ஜனவரியில இதே கடைக்குப் போனா, பின்னாடி பத்து பேர் நிப்பாங்க. சாப்பிட்டோமா, எழுந்தோமான்னு இருக்கணும். ஜூலையில மழை பெய்யுது, கடையில நாலே பேர். அந்த அக்கா உங்க மேஜைக்கே வந்து, ‘கின் காவ் ரூ யாங்?’னு கேட்பாங்க. பயந்துடாதீங்க. ‘சாப்டாச்சா?’ன்னு அர்த்தம். ஒருத்தரைப் பார்த்ததும் குசலம் விசாரிக்கிறதுக்கு நம்ம ஊர்ல என்ன கேட்போமோ, அங்கேயும் அதேதான்! ‘அரோய்’னு சொல்லிப் பாருங்க. ருசி சூப்பர்னு அர்த்தம். இன்னொரு கரண்டி தானா விழும். சீசன்ல நீங்க கஸ்டமர். ஆஃப் சீசன்ல விருந்தாளி!

வெஜ்ஜா நீங்க? அக்டோபர் உங்களுக்கு!

‘நான் சைவம். எனக்கு அங்கே என்ன இருக்கு?’ன்னு முனகுறவங்களுக்குத்தான் இந்த ஜாக்பாட். சாதாரண நாள்ல கஷ்டம்தான். காய்கறிப் பொரியல்ல கூட மீன் சாஸ் ஒளிஞ்சிருக்கும். ஆனா சீனக் காலண்டரோட ஒன்பதாவது மாசம் பிறந்ததும், ஒன்பது நாள் ஊரே சைவம்! பல வருஷம் இது நம்ம நவராத்திரியோடவே வரும். 2023, 2024-ல கிட்டத்தட்ட அதே நாட்கள். 2025-ல மட்டும் ஒரு மாசம் தள்ளிப் போச்சு.

கதை என்னன்னா, 1825-ல கத்து என்கிற சுரங்க ஊருக்கு வந்த சீன நாடகக் குழு நோயில விழுந்துச்சாம். அசைவத்தை விட்டு விரதம் இருந்ததும் குணமாச்சாம். அன்னிக்கு ஆரம்பிச்சது இன்னும் தொடருது. மஞ்சள் கொடி பறக்கிற கடை எல்லாம் ‘ஜே’ கடை. மீன், முட்டை, பால் மட்டுமில்ல, வெங்காயம், பூண்டு கூடக் கிடையாது. சோயாவுல செஞ்ச ‘வாத்துக்கறி’யைப் பார்த்து ஏமாறாம இருக்கிறதுதான் உங்களுக்கு டெஸ்ட்!

வெள்ளை டிரஸ் போட்ட கூட்டத்துக்கு நடுவுல, கன்னத்துல கம்பி குத்திக்கிட்டு சாமியாடிகள் ஊர்வலமா வருவாங்க. தீ மிதிப்பாங்க. கத்தி ஏணி ஏறுவாங்க. முருகன் கோயில் திருவிழாவுல அலகு குத்தறதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேடிக்கை இல்லை, பழகின பக்தி. அதனால கேமராவை மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க. வெள்ளை டிரஸ் போட்டுக்கிட்டு ஓரமா நில்லுங்க. பட்டாசு காதைக் கிழிக்கும், பஞ்சு கட்டாயம்.

அக்டோபருக்கு முன்னாடியே போறீங்களா? சீனர்களோட ஏழாவது மாசம், அதாவது ஆகஸ்ட், செப்டம்பர்ல ‘போர் தோர்’ வரும். முன்னோருக்கும், படைக்க ஆளில்லாத ஆவிகளுக்கும் சிவப்பு ஆமை வடிவத்துல கேக் வெச்சுப் படைப்பாங்க. நம்ம ஆடி, மகாளய அமாவாசைகளோட சீன வெர்ஷன்னு வெச்சுக்கங்களேன்.

ஒரு தமிழ் கனெக்‌ஷன்!

மழை விடவே இல்லையா? தலாங் தேசிய அருங்காட்சியகத்துக்குள்ள நுழைஞ்சுடுங்க. புக்கெட்டுக்கு வடக்கே இருக்கிற தக்குவா பா ஊர்ல கிடைச்ச பெரிய விஷ்ணு சிலை அங்கே இருக்கு. அதே தக்குவா பா பகுதியிலதான் 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒண்ணும் கிடைச்சது. அவனி நாரணம் என்கிற குளத்தைப் பத்தியும், மணிக்கிராமத்தார் என்கிற வணிகர் குழுவைப் பத்தியும் அது பேசுது. காத்து எப்போ திரும்பும்னு பார்த்துப் பாய்மரம் ஏத்தினவங்க அவங்க. பருவக்காற்றை அவங்க திட்டியிருக்கவே மாட்டாங்க!

நீங்க கொடுக்கிற அந்த காசு...

கடைசியா ஒண்ணு. சீசன் வர்றப்போ தீவுல எல்லாருக்கும் வேலை. சீசன் போனா படகுக்காரர், ரூம் பாய், மசாஜ் அக்கா எல்லாருக்கும் வருமானம் சுருங்கும். கொரோனா வந்த 2020-ல அந்த சீசனே வராமப் போச்சு. 2021 ஜூலை 1-ம் தேதி, தடுப்பூசி போட்டவங்களுக்குத் தனிமை இல்லாம தாய்லாந்து முதல்ல கதவைத் திறந்தது இந்தத் தீவுலதான். அதுவும் ஆஃப் சீசன் நடுவுல! விருந்தாளி வராத வருஷம் எப்படி இருக்கும்னு இந்த ஊருக்கு நல்லாவே தெரியும். அதனால ஹோட்டல் ரூமுக்கு பேரம் பேசுங்க, தப்பில்லை. நூடுல்ஸ் தட்டுக்கு மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்.

பேக் பண்றதுக்கு முன்னாடி...

* விசா விதி அடிக்கடி மாறுது. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தூதரக அறிவிப்பைப் பாருங்க. 2025 மே 1-ல இருந்து டிஜிட்டல் வருகை அட்டையும் ஆன்லைன்ல நிரப்பணும்.

* வாடகை பைக்கா? டூ வீலருக்கான இன்டர்நேஷனல் பெர்மிட், ஹெல்மெட், இன்ஷூரன்ஸ் மூணும் இருந்தா மட்டும். மலைச் சாலை மழையில வழுக்கும்.

* டவுனுக்கும் பீச்சுக்கும் நடுவுல ஓடுற ‘சோங்தேவ்’ வண்டிதான் நம்ம ஷேர் ஆட்டோ. இருட்டினா கிடைக்காது.

* பன்றிக்கறி வேண்டாமா? ‘மாய் சை மூ’. காரம் வேண்டாமா? ‘மாய் பெட்’. ரெண்டையும் மனப்பாடம் பண்ணிடுங்க.

* நாலு செட் டிரஸ், ஒரு ரெயின்கோட், சீக்கிரம் காயுற செருப்பு. ஷூ வேண்டவே வேண்டாம்.

ஊருக்குத் திரும்பினதும் ஃப்ரெண்ட்ஸ் கேட்பாங்க, ‘கடல்ல குளிச்சியா?’ன்னு. இல்லைன்னு தைரியமா சொல்லுங்க. அப்புறம் அந்த நண்டுக் குழம்பு பத்தி ஆரம்பிங்க... அடுத்த ஜூலைக்கு கேன்டீன் மேஜையே உங்களோட கிளம்பும்!