மொறிஸ் மைனரின் காபரேற்றரும் மண்ணெண்ணெய்க் காலமும்

1948 முதல் 1972 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மொறிஸ் மைனர், அது பிறந்த நாட்டில் சேகரிப்பாளரின் கொட்டகைக்குள் ஒதுங்கிய பின்னரும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாடகைக் காராக உழைத்ததற்கு அதன் தகட்டின் கனத்தையே பலரும் காரணமாகச் சொல்வர். அதற்கு ஈடான பங்கு இயந்திரத்தின் பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் எஸ்.யூ. காபரேற்றருக்கும் உண்டு. பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் இவ்வுறுப்பைச் செப்பனிட, ஒரு ஸ்பானரும் பழகிய காதும் பெரும்பாலும் போதுமாயிருந்தன.

காலணி வணிகக் குடும்பமொன்றைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். முதல் வடிவத்தில் தோலால் ஆன துருத்தியே இருந்தது என்பது அக்குடும்பத் தொழிலுக்குப் பொருத்தமானதுதான். 1926இல் வில்லியம் மொறிஸ் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். துருத்திக்குப் பதிலாகப் பின்னர் வந்த உலோகப் பிஸ்டன், இயந்திரம் உறிஞ்சும் காற்றின் அளவுக்கேற்ப ஒரு கூண்டுக்குள் ஏறி இறங்குகிறது. அதன் அடியிலுள்ள, நுனி நோக்கி மெலியும் ஊசி எரிபொருட் துளைக்குள் தொங்குவதால், பிஸ்டன் உயர உயரத் துளையின் திறப்பு அகன்று, காற்றுக்கேற்ற எரிபொருள் தானாகவே சேர்கிறது. ஒஸ்ரின் ஏ40 சமர்செற்றில் இருந்த செனித் போன்ற நிலைத்த துளை வகைகளில் கலவையை வெகுவாக மாற்றத் துளைகளையே கழற்றி வேறு போட வேண்டியிருக்க, எஸ்.யூ.வில் கீழேயுள்ள ஆறுபக்க நட்டைத் திருகினால் முழுக் கலவையும் மாறிவிடும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது இந்த எளிமையின் பெறுமதி வெளிப்பட்டது. பெற்றோல் கிடைப்பதரிதாக, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய் விடப்பட்டது. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் நீரிறைக்கும் இயந்திரங்களைத் தோட்டங்களில் கையாண்டு பழகிய சமூகத்துக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேயே கொதிக்கத் தொடங்கும் மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது துளிகளாகவே நிற்பதாலும், பெற்றோலிலும் தடிப்பானதால் ஊசியைச் சுற்றிய இடைவெளியில் மெதுவாகவே வழிவதாலும், நட்டைச் சற்றுக் கீழிறக்கிக் கலவையைச் செறிவாக்க வேண்டியிருந்தது. அதன் ஒக்ரேன் அளவு, அதாவது அழுத்தத்தில் முன்கூட்டி வெடிக்காது தாங்கும் திறன், குறைவென்பதால் இயந்திரம் இடிக்கும். பொறி பாயும் நேரத்தையும் தாமதப்படுத்தினாலன்றி அது அடங்காது. அளவு மிஞ்சிச் செறிவாக்கினால், திரியை அளவுக்கு மேல் தூண்டிய அரிக்கன் லாம்பின் சிமிலியைப் போலப் பிளக்கின் முனை கரிபிடித்துவிடும்.

பெற்றோலுக்கு மீண்ட கார்களில் அந்த நட்டைத் திரும்ப உயர்த்தியே ஆக வேண்டும். அதற்கான சோதனைதான் எஸ்.யூ.வின் பேரழகு. சூடேறிய இயந்திரம் மெதுவாக ஓடுகையில் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மட்டும் மெல்ல உயர்த்த வேண்டும். ஓட்டம் வேகமெடுத்து அப்படியே நின்றால் கலவை செறிவானது. இயந்திரம் தடுமாறி அணையப் பார்த்தால் ஐதானது. ஒரு கணம் இலேசாக விரைந்து மீண்டும் பழைய ஓட்டத்துக்குத் திரும்பினால் சரியானது. கூடுதலாகப் புகுந்த சிறிதளவு காற்றுக்கு இயந்திரம் அளிக்கும் விடை அது. நட்டை ஒருமுறைக்கு ஒரு பக்க அளவே திருகி மீண்டும் செவிமடுக்க வேண்டும். அவசரக்காரர் இரண்டு சுற்றுத் திருகிவிட்டு, தொடங்கிய இடம் எதுவென்று அறியாது அல்லற்படுவர்.

நட்டைத் தொடுமுன் மேல்மூடியைக் கழற்றிப் பார்ப்பவர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது. பிஸ்டனின் நடுத்தண்டுக்குள் ஊற்றப்படும் சிறிதளவு மெல்லிய இயந்திர எண்ணெய், அக்சிலேற்றரைத் திடீரென மிதிக்கும்போது பிஸ்டன் ஒரேயடியாக எழும்பாது தடுத்து, துளையின் மீதான உறிஞ்சலைக் கூட்டி, அக்கணத்துக்கு வேண்டிய செறிவைத் தருகிறது. எண்ணெய் வற்றினால் கார் மிதித்தவுடன் விக்கும். அந்த விக்கலைக் கலவைக் குறையென்று எண்ணி நட்டை இறக்குவதால் பெற்றோல்தான் வீணாகும். பிஸ்டனை அரத்தாள் கொண்டு தேய்ப்பது இதனினும் பெரிய கொடுமை. பிஸ்டனும் அதன் கூண்டும் நுண்ணிய இடைவெளியுடன் ஒன்றுக்கொன்று பொருந்தியவை; தேய்ந்து அகன்ற இடைவெளியை எந்த நட்டாலும் ஈடுசெய்ய இயலாது. பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்துப் பொருத்திய பின், உயர்த்தி விட்ட பிஸ்டன் தடையின்றி விழுந்து அடியில் 'டொக்' என்று தட்ட வேண்டும். தட்டவில்லையெனில் ஊசியும் துளையும் ஒன்றையொன்று உரசுகின்றன. துளையை முதலில் நடுப்படுத்திய பிறகே நட்டின் பக்கம் போக வேண்டும்.