வலி தணிக்கும் மெல்லிய குழாய்

ஊரிலிருக்கும் தாயாரைச் சான்பாடாவுக்கு அழைத்து வந்து, அருகிலுள்ள மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்விக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அறுவையின்போது வேதனை தெரிவதில்லை. மரப்பு தெளிந்தபின் வரும் இரவே கடினமானது. அதிலும் மறுநாளே காலை மடக்கிப் பழக வேண்டும். வலிக்கு அஞ்சி மடக்காத மூட்டு இறுகிப்போகும்.

இதற்காக மயக்கவியல் மருத்துவர்கள், அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையுடன் தொடை நரம்பின் அருகே ஊசியைச் செலுத்தி, அதன் வழியே ஒரு குழாயை வைத்துவிடுகிறார்கள். கதீட்டர் என்றதும் பலர் சிறுநீர்க் குழாயை நினைக்கிறார்கள், இது வேறு. பருமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஒரே ஊசியாகப் போட்ட மருந்து ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். குழாய் இருந்தாலோ ரோபிவகெய்ன் போன்ற மருந்தை இரண்டு மூன்று நாட்கள் சிறிது சிறிதாகச் செலுத்தலாம். மார்ஃபீன் வகை மருந்தின் தேவையும், அதனால் வரும் வாந்தியும் குறையும்.

ஆனால் குழாயின் முனை சற்றே விலகினாலும் மருந்து நரம்பைச் சேராது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், நோயாளியோ துடிப்பார். அசையும்போது தோலும் தசையும் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து குழாயை இழுக்கின்றன. துளையருகே கசியும் மருந்தும், மும்பையின் புழுக்கத்தில் வழியும் வியர்வையும் பிளாஸ்திரியை நெகிழ்த்துகின்றன.

இது பழைய கவலை. 1946-இல் அமெரிக்க மருத்துவர் ஆன்ஸ்ப்ரோ, காறை எலும்பின் அருகே செலுத்திய ஊசி நகராதிருக்க அதை ஒரு தக்கையில் குத்தி நிறுத்தினார்! இன்று தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, துளையின்மேல் மருத்துவப் பசை ஒரு துளி இடுகிறார்கள். அது ஃபெவிக்விக்கின் தூரத்து உறவுதான். ஆயினும் உடலுக்கென்றே தயாரிக்கப்படுவது. அது கசிவையும் அடைக்கிறது. பின்பு குழாயை ஒரு வளையமாகச் சுற்றி, உள்ளே தெரியும்படியான ஒட்டுத்தாளால் மூடுகிறார்கள். நெடுநாள் தேவையெனில் தோலுக்கடியில் சிறிது தூரம் செலுத்தி வெளியே எடுப்பதும் உண்டு.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை, 1978-இல் ஜே. ஜி. சண்முகநாதன் என்ற மயக்கவியல் மருத்துவரால் தொடங்கப்பட்டது. கை அறுவைக்குப் பெயர்பெற்றது. துண்டான கையை மீண்டும் இணைக்கும் சிகிச்சையில் இத்தகைய குழாய், வலியைத் தணிப்பதோடு இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கவும் உதவுகிறது. அங்கே குழாய் நழுவினால் இழப்பு பெரிது.

படுக்கையருகே இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. புரட்டும்போதும் உடை மாற்றும்போதும் ஒருவர் குழாயைக் கவனிக்கட்டும். அந்தப் பக்கம் எண்ணெய் தடவ வேண்டாம். ஜெபிக்க வருகிறவர்கள் கட்டிலின் ஓரத்தில் அமராமல் நாற்காலியில் அமர்வது நலம். (நமக்குக் கட்டில்தான் பிரியம்!) ஒட்டுத்தாள் நனைந்தாலோ, குழாய் வெளியே வந்தாலோ, இணைப்பு கழன்றாலோ நீங்களாகச் சரிசெய்யாமல் செவிலியரை அழையுங்கள். உதட்டைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவை மருந்து இரத்தத்தில் மிகுந்ததன் அறிகுறிகளாகலாம். உடனே சொல்ல வேண்டும். மரத்த கால் தாங்காது, துணையின்றி எழவிடாதீர்கள்.

குழாயை அகற்றுவது மருத்துவமனையாரின் பணி. அகற்றியபின் சில மணி நேரத்தில் மரப்பு நீங்கும். ஆகையால் வலி மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதை முன்னதாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.