உயர்விலை விசையுந்துகளின் மறுவிற்பனை மதிப்பு

உயர்விலை விசையுந்துகளின் மறுவிற்பனை மதிப்பு என்பது, விலை மிகுந்த மோட்டார் சைக்கிளை அதன் உரிமையாளர் விற்கும்போது பெறும் விலையாகும். இவ்வண்டிகள் பொதுவாக விரைவில் மதிப்பிழக்கின்றன. தேய்மானத்தைவிடச் சந்தை நிலையே இதற்கு முதன்மைக் காரணம் ஆகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாட்களில் மட்டும் மாமல்லபுரம் வரை ஓட்டப்பட்ட வண்டியும் இதற்கு விலக்கன்று.

புதிய வண்டியின் விலை

பழைய வண்டியின் விலை, உரிமையாளர் அன்று கொடுத்த தொகையைப் பொறுத்ததன்று. அதற்கு ஈடான புதிய வண்டியின் இன்றைய விலையைப் பொறுத்தது. முழுமையாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகும் விசையுந்துகளின் சுங்கவரி 2018இல் 50% ஆகவும், 2025இல் 1600 கன செ.மீ. வரை 40%, அதற்கு மேல் 30% ஆகவும் குறைக்கப்பட்டது. இதனால் புதியது மலிவானால் பழையதன் விலையும் இறங்கும். மாறாக, 350 கன செ.மீ.க்கு மேற்பட்டவற்றின் சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40% ஆக உயர்ந்தது. இத்தகைய உயர்வு பழைய வண்டியின் விலைச் சரிவை ஓரளவு தாங்கக்கூடும்.

வாங்குவோரும் உதிரிப்பாகங்களும்

உயர்விலை வண்டி வாங்க வசதியுள்ளோர் பெரும்பாலும் புதியதையே நாடுவர். பழையதை விரும்புவோர் பராமரிப்புச் செலவுக்கு அஞ்சுவர். ஆர்லி-டேவிட்சன் நிறுவனம் 2020 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, உதிரிப்பாகங்கள் குறித்த ஐயம் எழுந்தது. அடுத்த மாதமே ஈரோ மோட்டோகார்ப் நிறுவனத்துடன் அது உடன்பாடு கண்டது.

செங்கல்பட்டு மாவட்டத்தை அடுத்த ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் ராயல் என்பீல்டு ஆலைகள் உள்ளன. பரவலாக விற்பனையாகும் அதன் 350 கன செ.மீ. வண்டிகளுக்குப் பாகங்களும் பழுதுபார்ப்போரும் சிற்றூர்களிலும் கிடைப்பதால், அவை மதிப்பை ஒப்பீட்டளவில் தக்கவைக்கின்றன.

கடற்கரைச் சூழல்

உப்புக்காற்று சங்கிலி, திருகாணி, புகைபோக்கி ஆகியவற்றைத் துருப்பிடிக்கச் செய்யும். குறைவாக ஓடிய வண்டியிலும் இது நிகழும். வாங்குவோர் இதனைக் காட்டி விலையைக் குறைப்பதுண்டு.

காப்பீட்டு மதிப்பு

காப்பீட்டில், தயாரிப்பாளரின் அறிவிக்கப்பட்ட விற்பனை விலையிலிருந்து வயதிற்கேற்பக் கழிக்கப்படும் அளவு:

- 6 மாதம் வரை: 5%
- 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை: 15%
- 1 முதல் 2 ஆண்டு வரை: 20%
- 2 முதல் 3 ஆண்டு வரை: 30%
- 3 முதல் 4 ஆண்டு வரை: 40%
- 4 முதல் 5 ஆண்டு வரை: 50%

இவ்வட்டவணை எல்லா விலை வண்டிகளுக்கும் ஒன்றே. எனவே உயர்விலை வண்டியின் சந்தை விலை இம்மதிப்பினும் குறைவாக இருக்கலாம்.