பலகை அடிக்கத் தெரிந்தவருக்குச் சட்டத் தேர்வு எதற்கு?

அமெரிக்காவில் மரச்சட்ட வீடுகளின் வெளிச்சுவரில் மழையும் வெயிலும் தாக்காமல் பலகை போர்த்தும் வேலைக்கு சைடிங் என்று பெயர். கலிஃபோர்னியாவில் அதைச் சொந்தமாக ஒப்பந்தம் பிடித்துச் செய்ய, மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்திடம் உரிமம் வாங்க வேண்டும். சைடிங்கும் வீட்டுக்கு வெளியே அமைக்கும் மரத்தள வேலையும் டி-41 என்ற ஒரே பிரிவில் வருகின்றன.

இந்தப் பிரிவுக்குத் தொழில் தேர்வு கிடையாது. வினைல் பலகை வெயிலில் நீளும், அதனால் ஆணியை இறுக்கி அடிக்கக் கூடாது என்பதையெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. கைத்திறனுக்குச் சான்று அனுபவம்தான். கடைசி 10 ஆண்டுகளுக்குள், மேற்பார்வை இல்லாமலே வேலை செய்யும் நிலையில் 4 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். தேர்வில் கேட்பது சட்டமும் வணிகமும்: ஒப்பந்தம் எழுதுவது, கணக்கு, காப்பீடு, ஆட்களை வேலைக்கு வைப்பது, பாதுகாப்பு. நல்ல வேலைக்காரர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்காரர் 20,000 டாலருக்குச் சுவர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். எவ்வளவு முன்பணம் வாங்கலாம்? பத்து சதவீதம் என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர் 2,000 என்பார். அது தவறு. பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான் வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு. அதன் பிறகும், முடித்த வேலையின் மதிப்புக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை ரத்து செய்ய வாடிக்கையாளருக்கு 3 வேலை நாள் அவகாசம் உண்டு; 65 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு 5 வேலை நாள். இவற்றை மனப்பாடமாக உருப்போடாமல், நாளைக்கு நாமே கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தமாக நினைத்துப் படித்தால் மறக்காது.

உரிமம் இல்லாமல் ஒப்பந்தம் எடுப்பவருக்கு என்ன ஆகும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேலையைக் குறையில்லாமல் முடித்திருந்தாலும் பாக்கிப் பணம் கேட்டு அவர் வழக்குப் போட முடியாது. அது மட்டுமல்ல, வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டு வீட்டுக்காரர் வழக்குப் போடலாம். பலகைக்குச் செலவழித்த காசையும் கழித்துக்கொள்ள விடமாட்டார்கள். முதல்முறை பிடிபட்டாலே 6 மாதம் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்க முடியும். பேரிடர் பகுதியாக அறிவித்த இடத்தில் அதே செயல் இன்னும் பெரிய குற்றமாகிவிடும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் காட்டுத்தீ வீடுகளை எரித்த பிறகு, வேலை குவிகிறதே என்று உரிமம் இல்லாமல் போனவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். பொருளும் கூலியும் சேர்த்து 1,000 டாலருக்குக் கீழ், கட்டட அனுமதி தேவைப்படாத, உதவிக்கு ஆள் வைக்காத சில்லறை வேலைக்கு மட்டும் விலக்கு உண்டு. பெரிய வேலையைத் துண்டு துண்டாக உடைத்து அந்த வரம்புக்குள் கொண்டுவருவது செல்லாது.

இந்த அச்சத்தை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கொடுத்தால் அனுபவச் சான்றுக்கு ஆள் பிடித்துத் தருகிறேன், இன்னொருவர் உரிமத்தில் வேலை செய்துகொள் என்று வருவார்கள். அனுபவச் சான்றில் கையெழுத்திடுபவர், பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியின் கீழ்தான் இடுகிறார். விண்ணப்பங்களில் குறைந்தது 3 சதவீதத்தை வாரியம் நேரடியாக ஆராய வேண்டும் என்பது சட்டம். உங்களோடு வேலை செய்தவர், மேஸ்திரி, முதலாளி என உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடமே சான்று வாங்குங்கள். சம்பளச் சீட்டையும் வரித்தாளையும் பத்திரப்படுத்துங்கள். படிப்பதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. பாடத் தலைப்புகள் அடங்கிய கையேடும், உரிமச் சட்டப் புத்தகமும் வாரியத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களும் வரி அடையாள எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். 2014-இல் நிறைவேறிய சட்டம் அந்த வழியைத் திறந்துவிட்டது. இன்னொருவரிடம் கூலிக்கு வேலை செய்து சம்பளம் வராமல் போனவர்கள், குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும், மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் கட்டணமின்றிப் புகார் தரலாம்.

உரிமம் கிடைத்த பிறகு துணை ஒப்பந்ததாரராக வேலை எடுத்தால், தொடங்கிய 20 நாளுக்குள் வீட்டு உரிமையாளருக்கு முன்னறிவிப்பு அனுப்பிவிடுங்கள். முதன்மை ஒப்பந்ததாரர் கைவிரித்தால் அந்த வீட்டின் மீதே பற்றுரிமை கோர அதுதான் ஆதாரம். தேர்வில் வரும் இந்த ஒரு விதி, வேலைக்களத்தில் பலருடைய கூலியைக் காப்பாற்றக் கூடியது.

தேர்வில் தவறினால் எந்தப் பகுதியில் எப்படிச் செய்தீர்கள் என்ற தாளைக் கொடுப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பலவீனமான பகுதியை மட்டும் எடுத்துப் படித்து, மறுதேர்வுக்குக் கட்டணம் கட்டுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட 18 மாதத்துக்குள் தேறாவிட்டால் அது காலாவதியாகிவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தேறியதும் கல்நார் பற்றிய தேர்வு ஒன்று இருக்கிறது. அதைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆனாலும் பழைய வீடுகளின் சுவரைப் பெயர்க்கப்போகிறவர் அந்தப் புத்தகத்தைப் பதில் தேடும் அளவோடு மூடிவிடாமல் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. பழைய பலகைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும், அதை உடைக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குள்தான் போகும்.